நின்றபின் வந்த ரத்தம்

ஜனவரி 3, சனி

பத்து மணி வரை மூடுபனி. எதிர்ச்சரிவு தெரியவில்லை. மிளகு இன்றும் காயாது. விரித்த பாயை மறுபடி சுருட்டி உள்ளே வைத்தேன். கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும். முழங்கால் தைலம் தீர்ந்தது. ஓசூரிலிருந்து மகன் போன்: "தனியா அங்க என்னம்மா பண்றீங்க?" ரிட்டயர் ஆன நாள் முதல் இதே கேள்வி, இதே பதில்.

மத்தியானம் வெள்ளையம்மா. மடியில் மரவள்ளிக்கிழங்கு. நான் இந்த மலைக்கு மாற்றலாகி வந்த முதல் மழையில், சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வரை வழிகாட்டியவள். அவள் பிள்ளைகள் இருவருக்கும் நான்தான் அறிவியல். வெள்ளையம்மாவுக்கும் என் வயது இருக்கும். அவள் ஆதார் கார்டில் பிறந்த தேதி ஜனவரி ஒன்று. இங்கே பாதிப் பேருக்கு அதுதான்.

உட்காரச் சொன்னால் "இருக்கட்டுங்க" என்றாள். வற்புறுத்தி உட்கார வைத்தேன். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. எழுந்தபோது அதில் ரத்தம், உள்ளங்கை அகலத்துக்கு. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள்.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க டீச்சர்."

"எப்ப இருந்து?"

"ஆடி மழையில இருந்துங்க. வருது, போகுது."

"உனக்கு நின்னு எத்தன வருஷமாச்சு?"

"பேரன் பொறக்கறதுக்கு முந்திங்க. அவன் இப்ப எட்டாவது படிக்கறான்." பிறகு சிரிக்கப் பார்த்தாள். "வயசு திரும்புதாட்ட இருக்குதுங்க."

நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள்.

அவள் மறைப்பதற்குக் காரணம் உண்டு. அவர்கள் ஊர்க் கோயிலில் ஆடி நோம்பிக்கும், தையில் புதுச் சாமை குத்தும் நாளுக்கும் பொங்கல் வைப்பவள், மாதவிலக்கு அடியோடு நின்ற பெண்ணாக இருக்க வேண்டும். தாலி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. நின்றுவிட்டதா என்பது மட்டும்தான். கொஞ்ச வருடங்களாக வெள்ளையம்மாவின் முறை. புருஷன் போன பிறகு அவளை ஊர் கூப்பிட்டு முன்னால் நிறுத்தும் நாள் அந்த இரண்டுதான். ரத்தம் வருகிறது என்று சொன்னால் அதுவும் இல்லை. தவிர, ஆடியிலேயே ரத்தத்தோடு பொங்கல் வைத்துவிட்டாள்.

ஜனவரி 4, ஞாயிறு

ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. கால் வலி என்று சொல்லி அனுப்பினேன். பாதி உண்மை.

எனக்குத் தெரிந்தவரை:

நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு வந்தாலும் பார்த்தே ஆக வேண்டும்.
எல்லாம் புற்றாகாது. வயதில் உள்சதை மெலிந்து கீறிக்கொள்ளும். சாதுவான சிறு தொங்குசதை இருக்கும்.
பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் முக்கியம். அவளுக்கு எப்படிச் சொல்ல? வகுப்பில் செல்பிரிதல் நடத்தும்போது காலைப் பிரேயர் வரிசையைச் சொல்வேன். கையை நீட்டி, முன்னால் நிற்பவன் தோளில் விரல் பட்டதும் நின்றுவிட வேண்டும். உடம்பில் செல்களும் அப்படித்தான். பிரியும், பெருகும், பக்கத்துச் செல் முட்டினால் நிறுத்தும். பழுதானது தானே செத்து இடம் விடும். புற்று என்பது அந்த விதி மறந்த ஒரு செல். முட்டினாலும் நிற்காது, சாக வேண்டிய நேரத்தில் சாகாது, தன்னைப் போலவே மறதியுள்ளவற்றைப் பெற்றுக்கொண்டே போகும். முதலில் ஒருவன் தள்ளுவது மேடையிலிருந்து தெரியாது. வரிசையே கலைந்த பிறகுதான் தெரியும். பிள்ளைகளுக்குப் பிடித்த உதாரணம். உடனே ஒருவரையொருவர் தள்ளிப் பார்ப்பார்கள்.

இன்று எழுதிப் பார்த்தால் விளையாட்டாக இல்லை.

ஜனவரி 6, செவ்வாய்

ஆரம்ப சுகாதார நிலையம். நர்ஸ் ஜாஸ்மினிடம் பேர் சொல்லாமல் கேட்டேன். திண்டுக்கல் பக்கத்துப் பெண், மலைக்கு வந்து இரண்டாவது வருடம்.

"யாருக்கு டீச்சர்? உங்களுக்கா?"

"எனக்கில்லை."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க." பிறகு குரலைத் தணித்தாள். "முகாம் போட்டப்ப முப்பது வயசுக்கு மேல எல்லாரையும் கூப்பிட்டேன். பெரியவங்க ஒருத்தரும் வரல. 'எங்களுக்குத்தான் கடையச் சாத்தியாச்சே, உள்ள என்னத்தப் பாக்கப் போற'ன்னாங்க. அவங்களத்தான் டீச்சர் பாக்கணும்."

முகாமில் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அமிலம் தடவிப் பார்க்கிறார்கள், காடி மாதிரிதான். கெட ஆரம்பித்த இடம் வெளுத்துக் காட்டும். புற்றாகும் முன்பே, வருடக்கணக்கில் முன்பே, அதைக் கண்டுபிடித்துச் சுட்டு எடுத்துவிடலாம். அவ்வளவு அவகாசம் கொடுக்கிற நோய். அந்த அவகாசத்தில் நாங்கள் எல்லோரும் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

வரும் வழியில் ரொட்டி, தீப்பெட்டி. தைலம் மறந்தேன்.

ஜனவரி 7, புதன்

வெயில். வெள்ளையம்மா தோட்டத்துக்கு இறங்கினேன். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தாள். மருமகள் செல்வி கீழே கூடையோடு. செல்வியை டீ போட அனுப்பிவிட்டுப் பேசினோம்.

"சாமைப் பொங்கல் முடியட்டுங்க. மறுநாளே வாரேன்."

"நர்ஸ் சும்மா பாக்கத்தான் போறா."

"பாத்தா அங்கயே நிக்குமா? அறுக்கோணும்பாங்க."

"முதல்ல ஒரு துண்டு எடுத்துப் பாப்பாங்க, அவ்வளவுதான். பலாப்பழம் வாங்கறப்ப ஓரத்துல முக்கோணமா ஒரு துண்டு வெட்டிப் பாக்கறமில்ல, அதாட்ட."

வெ. ஏணியில் நின்றபடி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "துண்டு எடுத்த பழம் மூணாம் நாளு அழுகிப் போயிருமுங்களே டீச்சர்."

"அது பறிச்ச பழம்."

"மரத்துல இருக்கறதக் கொத்துனாலும் ஈ மொய்க்குமுங்க."

முப்பது வருடம் உதாரணம் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். கடைசியில் உதாரணம் இல்லாமல் சொன்னேன்: "வெள்ளையம்மா, துண்டு எடுத்தா பரவாது. எடுக்காம விட்டா, அது என்னன்னே தெரியாமப் போயிரும்."

காம்பு ஒன்றைக் கிள்ளிக் கூடையில் போட்டாள். இன்னொன்று. "பொங்கல நான் உட்டா அலமேலு சேலைய வரிஞ்சுக்கிட்டு நிப்பா. ஆடியிலயே கேட்டா, 'இன்னும் எத்தன வருசத்துக்கு நீயே வெப்ப'ன்னு." அலமேலு இரண்டு வளைவு தள்ளி இருப்பவள், அடுத்த முறை அவளுடையது.

"பொங்கலை விடச் சொல்லல. நர்ஸ்கிட்ட வான்னுதான் சொல்றேன். எனக்கு முட்டி வலி, நீ துணைக்கு வர்றன்னு சொல்லிக்க."

யோசித்தாள். "நெசமா உங்களுக்கு முட்டி வலிதானுங்களே."

"நெசந்தான்."

"அப்பப் பொய்யில்ல."

ஜனவரி 9, வெள்ளி

போனோம். ஜாஸ்மின் கதவைச் சாத்தினாள். நான் வெளியே பெஞ்சில். பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு, போனில் யாரிடமோ: "நாளைக்கு ரேசன்ல பருப்புப் போடறாங்களாம், கேட்டியா?"

ஜாஸ்மின் கைகழுவிக்கொண்டே வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"தடவிப் பாக்கவே தேவைப்படல டீச்சர். கண்ணுக்கே தெரியுது. பூக்கோசு மாதிரி ஒரு வளர்ச்சி. தொட்டா ரத்தம்."

"புற்றா?"

"நான் சொல்லக் கூடாது. துண்டு பாத்துத்தான் சொல்லணும். திங்கக்கிழமையே சேலம் போங்க. எழுதித் தர்றேன்."

உள்ளே வெ. சேலையைச் சரி செய்துகொண்டிருந்தாள். "என்னங்க சொல்றா?"

"சேலம் போகச் சொல்றா."

"முட்டிக்கா?" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

ஜனவரி 12, திங்கள்

முதல் பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் வெ. இரண்டு முறை வாந்தி. "மலைய உட்டு எறங்குனாலே எனக்கு ஆகறதில்லீங்க." அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி வந்ததும் வியர்த்தது, ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நீண்ட வரிசை. டாக்டர் சின்னப் பெண், என் பழைய மாணவிகள் வயது. நன்றாகப் பேசினாள்.

"பாட்டிம்மா, சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்."

"எடுத்தா பரவுமுங்களா?"

"பரவாது."

"பலாப்பழத்துல அழுகல் பரவுமுங்களே."

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அரிசி அளவு துண்டு, இரண்டு. பாட்டிலில் போட்டுப் பேர் எழுதினார்கள். அதை மெழுகில் வைத்து, காகிதத்தை விட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெங்காயத்தோலில் பிள்ளைகளுக்குக் காட்டியதுதான். அதில் செல்கள் செங்கல் அடுக்கின மாதிரி இருக்கும், நடுவில் சின்ன உட்கரு. கெட்ட செல்லில் உட்கரு வீங்கிக் கறுத்து, ஒன்று போல் ஒன்று இல்லாமல் இருக்கும், அடுக்கு இருக்காது. படத்தில் பார்த்திருக்கிறேன்.

அறிக்கை வர ஒரு வாரம், பத்து நாள். சில நாள் ரத்தம் கூடுதலாகக் கசியும், பயப்பட வேண்டாம் என்றார்கள்.

வெ. விரலை மடக்கி எண்ணினாள். புதுச் சாமைப் பொங்கல் வரும் ஞாயிற்றுக்கிழமை.

ஜனவரி 14, புதன்

கெட்ட மழை, பருவம் தப்பி. என் முட்டி வலிச் செய்தி மலையில் தள்ளியுள்ள திண்ணனூர் நாடு வரை போய்விட்டது. ஒருவர் நொச்சி இலை. ஒருவர் கோழி முட்டை. பால்காரர்: "சேலம் வரைக்கும் கொண்டுபோயிட்டாங்களாமே டீச்சர், கால எடுக்கோணுமா?" இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

வெ. இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை, தரையில், கோணிச்சாக்கைப் போட்டு.

"டீச்சர், இது தீட்டா இல்லியா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

"இல்ல. புண்ணுல இருந்து வர்ற ரத்தம். மூக்குல ரத்தம் வந்தா தீட்டுன்னு சொல்வியா?"

"மூக்குல வந்தா மூக்குல வருது. இது அங்கிருந்துதானுங்களே வருது."

"எங்கிருந்து வந்தா என்ன?"

"உங்க சர்ச்சுல கேட்டா நீங்க சொல்லுங்க. இது எங்க சாமி."

சரிதான். ரத்தம் எதிலிருந்து வருகிறது என்று என்னால் சொல்ல முடியும். கோயில் அதை என்னவாக எடுத்துக்கொள்ளும் என்பது என் பாடம் இல்லை.

சாக்கின் நூலைப் பிரித்துக்கொண்டே: "ஆடியில ரத்தத்தோட போயி பொங்க வெச்சேன். அதுக்குத்தான் இது வந்துருக்குது."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. மெதுவாகச் சொன்னேன். "இந்தச் சீக்கு ஒரு நாள்ல வர்றதில்ல வெள்ளையம்மா. ரத்தம் வெளிய தெரியறதுக்குப் பல வருஷத்துக்கு முன்னாடியே உள்ள ஆரம்பிச்சிருக்கும். நீ ஆடியில அடுப்பு மூட்டினப்ப அது ஏற்கெனவே இருந்துது. அதனாலதான் அப்ப ரத்தமே வந்துது. குத்தம் செய்யறதுக்கு முந்தியே தண்டனை வருமா?"

நூலைப் பிரிப்பது நின்றது.

"முந்தியே இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

"அப்ப எதுக்கு வந்துது? நான் ஆருக்கு என்ன பண்ணுனேன்?"

ஒரு கிருமி. வைரஸ். ஆண் பெண் சேர்க்கையில் ஒட்டிக்கொள்வது. அனேகமாக எல்லோருக்கும் ஒரு காலத்தில் வந்து தானாகப் போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, செல்லின் விதிப்புத்தகத்தில் கிறுக்கும். இவளுக்கு வந்தது இவள் புருஷனிடமிருந்து இருக்கலாம். செத்துப் பல வருடம். மாலை போட்ட படம் வீட்டில். தினமும் விளக்கு.

"யார் தப்பும் இல்ல. கிருமி," என்றேன். மீதியைச் சொல்லவில்லை. கேட்டால் சொல்ல வேண்டும். கேட்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

புதுச் சாமைப் பொங்கல். பனி, பிறகு நல்ல வெயில். வருடா வருடம் கூப்பிடுவார்கள். தள்ளிப் பலா மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இலையில் வாங்கிச் சாப்பிட்டு வருவேன். சின்னப் பெண்கள் உரலைச் சுற்றி மாறி மாறி உலக்கை. தவிடு பறந்தது. வெ. குளித்து ஈரத் தலையோடு, கூட்டத்தின் ஓரத்தில்.

பூசாரி எழுபது தாண்டியவர். "அடுப்பு மூட்டியாச்சு. வா கண்ணு வெள்ளையம்மா."

"நான் வெக்கலீங்க. எனக்கு ரத்தம் வருது."

உலக்கை நின்றது.

"உனக்குத்தான் நின்னு போச்சேம்மா."

"நின்னு போச்சுங்க. இது அது இல்லீங்கறாங்க டீச்சர். உள்ளாற புண்ணு. சேலத்துல சதை எடுத்துருக்காங்க. ஆடியிலயும் வந்துது. அப்பவும் நாந்தான் வெச்சேன். சாமிக்கு ஆகுமா ஆகாதான்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க."

இவ்வளவையும் ஒரே மூச்சில், சத்தமில்லாமல். இதுவரை பெற்ற மகனுக்குக்கூடத் தெரியாது.

பூசாரி என்னைப் பார்த்தார். கோயில் கதவைப் பார்த்தார். "இது எனக்கும் தெரியாத சங்கதி கண்ணு," என்றார். "இன்னிக்குத் தள்ளி உக்காரு." பிறகு, "அலமேலு, நீ வா."

"எனக்கு வேண்டாம்."

"அடுத்த மொறை உன்னுதுதானே?"

"வேண்டாங்கறனில்ல."

உலக்கை பிடித்திருந்த ஒரு பெண் சிரித்தாள். "ஆடியில எனக்குத் தா எனக்குத் தான்னு சண்டை போட்டீங்களே அத்தை. இப்ப என்ன, வெக்கமா?"

அலமேலு சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து, இரண்டு பேருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் போன விதம். சேலையின் பின்பக்கத்தைக் கையால் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டது. வெ. அதைப் பார்த்தாள். நானும்.

"நின்னு போன பொம்பளை ஊருல வேற ஆருமே இல்லியா?" பூசாரி. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குக் கண் தெரியாது, இன்னொருத்திக்கு மூச்சு வாங்கும். கடைசியில் அவரே கரண்டியை எடுத்தார். வாழ்நாளில் உலை வைத்திராத மனிதர். புகை.

வெ. என் பக்கத்தில் பலா மரத்தடியில். தள்ளி இருக்க வேண்டியவர்கள் இருவர். செல்வி வந்து மாமியார் முன்னால் நின்றாள். "எங்கிட்டச் சொல்றதுக்கென்ன அத்தை? துணியெல்லாம் ஓடையில போயித் தொவைச்சீங்களே, அப்பவே கேட்டிருக்கோணும் நானு." அழவில்லை, கோபம். பிறகு அவளும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பூசாரியே இலை கொண்டு வந்தார். வெ.வுக்குத்தான் முதலில். "தின்னு கண்ணு. அடிபுடிச்சுப் போச்சு."

அவர் போன பிறகு வெ. ஒரு வாய் வைத்தாள். "உப்பும் இல்லீங்க டீச்சர்." சிரித்தோம். அதன் பிறகு அவள் சாப்பிடவில்லை.

ஜனவரி 22, வியாழன்

அறிக்கை. செல்வியும் வந்தாள். புற்றுதான். செதிள் செல் வகை. இதற்கு 'தரம்' ஒன்று போட்டிருந்தார்கள்: செல்கள் எவ்வளவு தூரம் தம் இயல்பை விட்டுப் போயிருக்கின்றன என்பது. நடுத்தரம். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது வேறு, அது 'நிலை'. பிள்ளைகள் குழப்பிக்கொள்வது போல நானும் முதலில் குழப்பிக்கொண்டேன். கெட்ட குணம் வேறு, போன தூரம் வேறு.

நிலை தெரிய இன்னும் சோதனைகள். டாக்டரின் கைப் பரிசோதனை, ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீரகம். ரத்தம் மிகக் குறைவு. ஏற்ற வேண்டும் என்றார்கள்.

பஸ்ஸில் வெ. வாந்தி எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

ஜனவரி 24, சனி

அலமேலு வீடு வரை நடந்தேன். முட்டி இப்போது நிஜமாகவே மோசம். வாசலில் மிளகு அளைந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க டீச்சர், கால் வலியோட இவ்வளவு தூரம்?"

"உன்னைப் பாக்கத்தான்."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க," என்றாள், நான் எதுவும் கேட்கும் முன்பே. "இடுப்பு வலி. அதான் அன்னிக்கு வேண்டாம்னேன்."

"நர்ஸ் ஜாஸ்மின் நல்ல பொண்ணு. ஒரு தடவை..."

"காப்பி குடிக்கறீங்களா?"

குடித்தேன். சர்க்கரை கூடுதல். ஜாஸ்மின் சொன்னதெல்லாம் சொன்னேன். எல்லாம் புற்றாகாது என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "செரிங்க" என்றாள். வகுப்பில் புரியாத பிள்ளை சொல்லும் "செரிங்க டீச்சர்." புரிந்தும் வராத பிள்ளை சொல்வதும் அதேதான்.

ஜனவரி 28, புதன்

நிலை: இரண்டு பி.

டாக்டர் படம் வரைந்தாள். நான் மலையேறும் வழியெல்லாம் அதை வெ.வின் காட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். அவள் வீட்டு முற்றத்தில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். நடுவில் அவள் வயல், அதுதான் கர்ப்பப்பை வாய். அதற்குள்ளேயே இருந்தால் ஒன்று. வரப்பைத் தாண்டி அக்கம்பக்கத்துச் சதைக்குள் இறங்கினால் இரண்டு. ஓடைக்கரைச் சுவர், அதாவது இடுப்பெலும்பு, வரை போய் முட்டினால், மேட்டுத் தண்ணீர்க்குழாயை, அதாவது சிறுநீர்க்குழாயை, நெரித்தால், மூன்று. ஓடை தாண்டி அடுத்த மலையில் முளைத்தால் நான்கு.

"எனக்கு?"

"வரப்பு தாண்டிருச்சு. சுவருக்குப் போகல. தண்ணிக்குழாய் நல்லா இருக்கு. அடுத்த மலையில ஒண்ணுமில்ல."

கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த உதாரணத்தில் அவள் ஓட்டை பிடிக்கவில்லை.

"வெட்டி எடுத்துர மாட்டாங்களா?"

"வரப்பு தாண்டினதுக்கப்புறம் வயலை மட்டும் வெட்டினா வேர் வெளிய இருந்துரும். அதனால கதிர் வெச்சுச் சுடுவாங்க. கூடவே ஊசி மருந்து. அஞ்சாறு வாரம் கீழ தங்கணும்."

"குணமாகுமுங்களா?"

டாக்டரிடம் நானும் இதைத்தான் கேட்டேன். "குணமாக்கறதுக்குத்தான் சிகிச்சை, வலி குறைக்கறதுக்கு மட்டும் இல்ல" என்றாள். உறுதி என்று சொல்லவில்லை. அதை அப்படியே வெ.விடம் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"மிளகு பறிச்சது பாதியில கெடக்குது," என்றாள்.

பிப்ரவரி 16, திங்கள்

சேலம். வெயில் இப்போதே கொளுத்துகிறது. வெ.வுக்கு ரத்தம் ஏற்றியாயிற்று. செல்வியின் அக்கா வீட்டில் தங்கல். மொட்டைமாடி அறை, ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ். இன்று முதல் நாள் கதிர்.

கனமான கதவு, சிவப்பு விளக்கு. நாங்கள் வெளியே. கால் மணி நேரம்கூட இல்லை. வந்தாள்.

"ஒண்ணுமே தெரியலீங்க. சும்மா படுக்க வெச்சாங்க. ஒரு மெசினு கிர்ருனு சுத்துச்சு. வலியும் இல்ல, சூடும் இல்ல." ஏமாற்றம் போல இருந்தது.

செல்வி டீ வாங்கப் போனாள். பெஞ்சில் நாங்கள் இருவரும். எதிரே ஒருவர் வாழைப்பழத்தை அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர். ஆடியிலயே வந்திருந்தா வரப்புத் தாண்டாம ஒண்ணுலயே இருந்திருக்குமுங்களா?"

வாயில் உதாரணம் ஒன்று வந்தது. விழுங்கினேன்.

"இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இருந்திருக்கலாம்."

"அதுக்கும் முந்தி, நர்சம்மா கூப்பிட்டப்பப் போயிருந்தா?"

"அப்ப இந்த இடத்துக்கே வராம இருந்திருக்கலாம்."

தலையாட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். "அலமேலு ஊட்டு நம்பர் உங்க போன்ல இருக்குதுங்களா?"

இருந்தது. போட்டுக் கொடுத்தேன். காதில் வைத்து, ஊருக்கே கேட்கிற குரலில்:

"அலமேலு, நாந்தான். சேலத்துல இருந்து. சோறு தின்னயா?... எனக்கு நல்லாத்தான் இருக்குது. கேளு. உனக்கும் வருதுன்னு எனக்குத் தெரியும். பேசாத, கேளு. பொங்கலும் போச்சு, மொறையும் போச்சு, இனி எதுக்கு மூடி வெக்கற? நாளைக்கு நர்சம்மாகிட்டப் போ. இங்க அனுப்புனா முதல் பஸ்ஸுக்கு வா. நான் இங்கதான் இருப்பேன் அஞ்சாறு வாரம். கதவு வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன்."

அலமேலு மறுக்கவில்லை. போனை வைக்கவும் இல்லை.